முழுகாத மாதங்கள்

சூரிச்சில் வீடிகொன் பக்கம், ட்ராம் ஓடும் தெருவிலிருந்து உள்ளே தள்ளி, பெயர்ப்பலகை இல்லாத ஒரு வீட்டில் சந்திரமதி மாலை நேரங்களில் துப்புரவு வேலை செய்தாள். சேர்ந்த அன்று பொறுப்பாளர் ஃப்ராவ் வைலர் அவளுக்கு வாளியைக் காட்டுமுன் சுவரைக் காட்டினார்.

"கதவு திறந்தால் இந்தச் சுவரைப் பாருங்கள். இங்கே வருகிற பெண்களை நீங்கள் பார்ப்பதில்லை. தெருவில் எதிர்ப்பட்டாலும் கண்டதில்லை."

வேறொருத்தி என்றால் முகம் கறுத்திருக்கும். சந்திரமதி நிமிர்ந்து நின்று "சரி" என்றாள். மானம் மரியாதை தெரிந்த மனுஷி இவர் என்று அந்த இடத்திலேயே ஃப்ராவ் வைலரைப் பற்றி முடிவு கட்டிவிட்டாள்.

அது யூதப் பெண்கள் முழுகும் இடம். மிக்வே என்பார்கள். கூரையில் விழும் மழைத்தண்ணீரைப் பிடித்துச் சேர்த்து, அந்தத் தண்ணீரோடு தொடுத்து, ஓர் ஆள் இறங்கி நின்று முழுகக்கூடிய சின்னக் குளம் ஒன்றைக் கட்டியிருந்தார்கள். மாதவிலக்கு வந்தால் அவர்களில் புருஷனும் பெண்சாதியும் ஒருவரையொருவர் தொடுவதில்லை. ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு உப்புக் குப்பிகூடப் போகாது. மேசையில் வைத்துத்தான் எடுக்க வேண்டும். கட்டில் இரண்டும் விலகி நிற்கும். விலக்கு நின்று, அதற்குப் பிறகு சுத்தமான நாட்களையும் கழித்து, ஒருநாள் பொழுதுபட்டு வானத்தில் வெள்ளி தெரிந்தபின் பெண் இங்கே வருவாள். மோதிரம், நகப்பூச்சு, தோளில் ஒட்டிய ஒற்றைத் தலைமயிர், எதுவும் தண்ணீருக்கும் உடம்புக்கும் நடுவில் நிற்கக் கூடாது. தலை முழுவதும் உள்ளே போய் வந்ததும் பக்கத்தில் நிற்கும் ஃப்ராவ் வைலர் "கோஷர்" என்று சொல்வார். அந்தச் சொல் கேட்டால்தான் முழுகினது சரி.

வெளியே நடையில் நிற்கும் சந்திரமதிக்கு அந்தச் சொல் மட்டும் கேட்கும். கேட்டதும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். காலடி போய் மற்றக் கதவு சாத்தியபின் உள்ளே நுழைந்து, தரையைத் துடைத்து, வடிகாலில் சிக்கிய மயிரை எடுத்து, அடுத்தவளுக்குப் புதுத் துவாய் வைப்பாள்.

யாழ்ப்பாணத்துத் துடக்கும் தீட்டும் அறிந்தவளுக்கு இதில் விளங்காதது எதுவும் இல்லை. ஒன்றுதான் புதிது. சந்திரமதியின் ஆட்களில் ஒருத்திக்குத் துடக்கென்றால் வீடு முழுக்கத் தெரியும், வாசற்படலையில் வந்து நிற்கிறவருக்கும் தெரியும். இங்கே ஒரு பெண் எந்த மாலை முழுகப் போகிறாள் என்பது அவளுக்கும் புருஷனுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். பெற்ற தாய்க்கும் சொல்வதில்லை. மாமியார் கேட்கவே கூடாது. அது எங்களுடையதைவிட ஒரு படி மேல் என்று சந்திரமதி தனக்குள் ஒப்புக்கொண்டிருந்தாள். வெளியில் சொல்ல மாட்டாள்.

வயது அறுபதைத் தாண்டியிருந்தது. காலையில் ஒரு கந்தோரில், அந்த அலுவலகக் கட்டடத்தின் படிகளைத் துடைப்பது, மாலையில் இந்த வீடு. முழங்கால் இரண்டும் தனித்தனியாக நோகும். வேலை முடிந்து வீட்டுக் கதவைத் திறந்தால் நித்தியானந்தன் தொலைக்காட்சிக்கு முன்னால் கால் நீட்டி இருப்பார். தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்றபின் கோயில் சபையும் தொலைக்காட்சியும்தான் அவருக்கு வேலை.

"இண்டைக்கு எத்தினை பேர் முழுகினவை?" என்று கேட்பார்.

"தண்ணி வந்தது, தண்ணி போனது."

"எங்கட மேல்வீட்டுப் பிள்ளையும் அங்கதானே வாறது?"

"மேல்வீட்டிலை ஆர் இருக்கினம்?"

"இஞ்சேரும், நான் புருசன். எனக்குமோ?"

"உங்களுக்கு முதல்."

அவர் சிரிப்பார். கோயிலில் யாராவது கேட்டால் மனைவிக்கு நீச்சல் தடாகத்தில் வேலை என்று அவர் சொல்லி வைத்திருந்தார். "நீச்சல் தெரியாதவளை ஆரப்பா தடாகத்திலை வைச்சிருக்கினம்?" என்று அவள் கேட்டால், "நீர் கரையிலைதானே நிக்கிறீர்" என்பார்.

மேல்வீட்டுப் பிள்ளை என்று அவர் சொன்னது ஷுலமித்தை. அந்தக் கட்டடத்தில் சந்திரமதி குடும்பம் மூன்றாம் மாடியில். இரண்டாம் மாடியில் பெரிய ஃப்ராவ் பொல்லாக், புருஷனை இழந்தவர், எழுபத்தைந்து வயதிலும் கம்பிபோல் நிற்கிறவர். அவருடைய மகனும் மருமகள் ஷுலமித்தும் நான்காம் மாடியில். சந்திரமதிக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர் பெரிய ஃப்ராவ் பொல்லாக்தான். "என் வீட்டுக்கும் என் மகன் வீட்டுக்கும் நடுவில் இத்தனை காலம் இருக்கிறார். ஒருவரைப் பற்றி ஒரு சொல் இவர் வாயிலிருந்து கேட்டதில்லை" என்று ஃப்ராவ் வைலரிடம் சொல்லியிருந்தார். அந்தச் சான்றிதழைச் சந்திரமதி நெஞ்சுக்குள் வைத்திருந்தாள்.

ஷுலமித் கலியாணம் கட்டி வந்த காலத்திலிருந்து மாதம் தவறாமல் குளத்துக்கு வந்தாள். சுவரைப் பார்த்து நின்றாலும் காலடி தெரியும், இருமல் தெரியும். மறுநாள் படிக்கட்டில் எதிர்ப்பட்டால் "க்ரூயெட்சி" என்று இருவரும் வணக்கம் சொல்லிக்கொண்டு விலகுவார்கள். அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. பிள்ளை இல்லை. ஆண்டுகள் போயின. அதையும் சந்திரமதி பார்க்கவில்லை.

இந்தக் குளிர்காலம் தொடங்கியபின் அந்தக் காலடி கேட்கவில்லை. முதல் மாதம், தான் விடுமுறை எடுத்த நாளில் வந்திருப்பாள் என்று நினைத்தாள். அடுத்த மாதமும் வரவில்லை. அதற்கடுத்ததும் இல்லை. இன்னொன்றும் கவனத்தில் பட்டது. மேலே மாதத்தில் இரண்டு தடவை கட்டிலின் கால் தரையில் உரசும் சத்தம் கேட்கும். கேட்கக் கூடாததுதான், ஆனால் கூரை மெல்லியது. அந்தச் சத்தமும் நின்றிருந்தது. கட்டில்கள் நின்ற இடத்தில் நிற்கின்றன.

யாழ்ப்பாணத்தில் ஒரு பெண் கருவுற்றால் அதை நேரே சொல்வதில்லை. "முழுகாமல் இருக்கிறா" என்பார்கள். மாதம் வந்தால் முழுக வேண்டும், வரவில்லை, அதனால் முழுகவில்லை. அவ்வளவுதான் செய்தி. மூன்று மாதமாக ஒருத்தி முழுக வரவில்லை என்றால் சந்திரமதிக்கு வேறு அர்த்தம் எப்படித் தோன்றும்? வடிகாலைத் துடைத்துக்கொண்டிருந்த கையை ஒரு நிமிடம் நிறுத்தி, நல்லூர்க் கந்தனை நினைத்துக்கொண்டாள்.

யாருக்கும் சொல்லவில்லை. ஆனால் மனம் சொன்ன சொல்லைக் கேட்காது. ஒருநாள் ஷுலமித் உருளைக்கிழங்குப் பையும் தண்ணீர்ப் போத்தல்களுமாகப் படி ஏறுவதைக் கண்டு, நோகிற முழங்காலோடு ஓடிப்போய்ப் பையைப் பறித்தாள்.

"என்ன இது, ஃப்ராவ் சந்திரமதி? நான் தூக்குவேன்."

"வேண்டாம், வேண்டாம். நான் இருக்கிறேன்."

ஷுலமித் அவளை வினோதமாகப் பார்த்தாள். முகம் வெளுத்து, கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. மசக்கைச் சத்தி எடுக்கிறாள் போல என்று சந்திரமதி எண்ணினாள்.

சொந்த மருமகள் சரணியாவிடம்கூடப் பிள்ளையைப் பற்றி அவள் ஒருநாளும் கேட்டதில்லை. சரணியா ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்தாள். கலியாணமாகிச் சில வருடங்கள். மேற்படிப்பு முடியும்வரை பிள்ளை வேண்டாம் என்று அவளும் சந்திரமதியின் மகன் துஷாந்தனும் முடிவாக வைத்திருந்தார்கள். கோயிலில் பெண்கள் விடுவதாயில்லை. ஒரு பூசைநாளில் ஒருத்தி சந்திரமதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, "என்ன சரணியா, இன்னும் விசேஷம் ஒண்டும் இல்லையோ?" என்றாள். சந்திரமதி கழுத்தைத் திருப்பாமல் பதில் சொன்னாள்: "இருந்தா உங்களுக்கு ஆள் விட்டுச் சொல்லுறம். வீட்டிலை இருங்கோ." வரும் வழியில் காரில் சரணியா விழுந்து விழுந்து சிரித்தாள். "மாமி, நீங்கள் ஒராள்தான் என்னட்டைக் கேக்காதது" என்றாள். சந்திரமதிக்கு அதைவிட வேறு மரியாதை தேவைப்படவில்லை.

தவறு நடந்தது நிலவறையில், உடுப்புத் தோய்க்கிற அறையில்.

அன்று தோய்க்கும் முறை மூன்றாம் மாடிக்கு. சந்திரமதி காய்ந்த விரிப்புகளைக் கொடியிலிருந்து எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள். காலை வேலை முடிந்து நேரே வந்திருந்தாள், கண் செருகியது. பெரிய ஃப்ராவ் பொல்லாக் மறந்துவிட்ட மேசைத்துணி ஒன்றை எடுக்க வந்தவர், போகாமல் நின்றார். விரிப்பின் மறுமுனையைப் பிடித்து மடிக்கத் தொடங்கினார். இருவரும் நீட்டி இழுத்து மூலைக்கு மூலை வைத்து மடித்தார்கள். அந்த வேலையில் இரண்டு பேருக்கும் ஒரே கைப்பழக்கம்.

"என் மகனைப் பார்த்தீர்களா? மெலிந்துவிட்டான்" என்றார் ஃப்ராவ் பொல்லாக். "வெள்ளிக்கிழமை சாப்பாட்டில் இரண்டு பேரும் தட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள். நானும் கேட்பதில்லை. கேட்கக் கூடாது. ஆனால் ஒரு வீட்டில் சிரிப்பு எப்போது நின்றதென்று ஒரு தாய்க்குத் தெரியும்."

அந்த நிமிர்ந்த மனுஷியின் குரல் முதல்முறையாக நடுங்கியது. சந்திரமதிக்குப் பொறுக்கவில்லை. நல்ல செய்தி தலைக்கு மேலே இருக்க, இந்தத் தாய் அழுவதா? அவள் டொச்சில், ஜெர்மன் மொழியில், எந்தக் கந்தோருக்கும் தனியாகப் போய் வந்தவள். கருவுற்றதற்கு டொச்சில் என்ன சொல் என்பது தெரியும். ஆனால் மரியாதையான வீட்டுப் பிள்ளையைப் பற்றி அந்தப் பச்சைச் சொல்லை எப்படிச் சொல்வது? அதனால் தன் ஊரின் நாகரிகமான பேச்சை எடுத்து, குளத்து வீட்டில் ஃப்ராவ் வைலர் முழுகுவதற்குச் சொல்லும் அதே வார்த்தையைப் போட்டு, சிரித்த முகத்தோடு டொச்சில் சொன்னாள்:

"கவலைப்படாதீர்கள், ஃப்ராவ் பொல்லாக். அவள் இப்போது முழுகுவதில்லை."

விரிப்பின் மறுமுனை தரையில் விழுந்தது.

ஃப்ராவ் பொல்லாக்கின் முகத்தில் இருந்த இரத்தம் அப்படியே இறங்குவதைச் சந்திரமதி கண்டாள். சந்தோஷத்தில் ஒரு முகம் அப்படிப் போகாது.

"என்ன சொன்னீர்கள்?"

அந்த ஒரு கணத்தில் சொன்னது சந்திரமதியின் காதிலேயே திரும்பி விழுந்தது, இந்த முறை டொச்சாக. அவள் முழுகுவதில்லை. மருமகள் குளத்துக்குப் போவதில்லை. அப்படியானால் மகனும் மருமகளும் மாதக்கணக்காகத் தொடாமல் கிடக்கிறார்கள். இல்லையென்றால் தொடக் கூடாத நிலையில் தொட்டுக்கொண்டிருக்கிறார்கள். எது உண்மையானாலும் மாமியாருக்குத் தெரியக் கூடாதது. மெலிந்த மகன். வெளுத்த மருமகள். அசையாத கட்டில். அவை சேர்ந்து நின்று அசையாமல் இருக்கவில்லை, விலகி நின்று அசையாமல் இருந்தன. இத்தனை காலம் சுவரைப் பார்த்து நின்றவள், ஒரு சொல்லால் ஒரு பெண்ணை அவள் மாமியார் முன்னால் உடுப்பில்லாமல் நிறுத்திவிட்டாள்.

"யார்?" என்றார் ஃப்ராவ் பொல்லாக். "யார் முழுகுவதில்லை?"

சந்திரமதி குனிந்து விரிப்பை எடுத்தாள். நிமிர்ந்தபோது முகத்தைச் சரிசெய்திருந்தாள்.

"என் மருமகள். சரணியா" என்றாள். "எங்கள் பாஷையில் அப்படித்தான் சொல்வோம். ஒரு பெண் பிள்ளை எதிர்பார்த்தால் முழுகவில்லை என்போம். உங்கள் கவலையைக் கேட்டதும் என் சந்தோஷத்தைச் சொல்லத் தோன்றிவிட்டது. உங்கள் வீட்டுக்கும் ஒருநாள் இப்படி வரும் என்று சொல்ல வந்தேன்."

சொன்னதில் பாதி உண்மை. அதனால் வாய் இடறவில்லை.

ஃப்ராவ் பொல்லாக் நீண்ட நேரம் அவளைப் பார்த்தார். பிறகு நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டார். "சரணியா! அந்த ஒல்லிப் பெண்ணா? நல்ல வேளையில் நடக்கட்டும். எங்களில் முன்கூட்டி வாழ்த்துவதில்லை. நல்ல வேளையில் என்று மட்டும் சொல்வோம்." மேசைத்துணியை எடுத்துக்கொண்டு கதவுவரை போனவர் திரும்பினார். "விசித்திரமான பாஷை உங்களுடையது" என்றார். அவர் முழுக்க நம்பினாரா என்பது அந்தக் குரலில் தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து, மாலை வேலைக்குப் போகும் வழியில் ட்ராம் தரிப்பில் ஷுலமித் நின்றாள். ட்ராமுக்காக நிற்கவில்லை. பனி தூவிக்கொண்டிருந்தது. சந்திரமதி சுவரைத் தேடுவதுபோல் தெருப்பக்கம் பார்த்தாள்.

"மாமி ஒரு வேடிக்கைக் கதை சொன்னார்" என்றாள் ஷுலமித். "உங்கள் பாஷையைப் பற்றி. சொல்லிக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்."

சந்திரமதி கோட்டில் விழுந்த பனியைத் தட்டிவிட்டாள்.

"உங்கள் மருமகளைப் பற்றித்தானா அது?"

"ஆம்."

"அப்படியானால் என் உருளைக்கிழங்குப் பையை ஏன் பறித்தீர்கள்?"

ஒரு ட்ராம் வந்து, கதவுகள் திறந்து, மூடிப் போனது. இருவரும் ஏறவில்லை.

"நான் களைத்துப்போனேன்" என்றாள் ஷுலமித். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்படுவதற்கு வேண்டிய தெம்பு அவளிடம் இருப்பதாகத் தெரியவில்லை. "ஒவ்வொரு மாதமும் அந்தத் தண்ணீரில் இறங்கும்போது ஒன்றை நினைத்துக்கொண்டு இறங்குகிறேன். சில வாரத்தில் மறுபடி இரத்தம். மறுபடி நாட்கள், மறுபடி நகம் வெட்டி, தலை வாரி, மறுபடி படி இறங்கு. என் கணவரிடம் ஒரு குளிர்காலம் மட்டும் விடுங்கள் என்று கேட்டேன். இந்தப் பனி போகட்டும், மறுபடி போகிறேன் என்றேன். சரி என்றார். மேசையில் வைத்த உப்பை எடுப்பதுபோல அந்த வார்த்தையை எடுத்துக்கொண்டார். எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும். இப்போது நீங்களும்."

"நான் எதுவும் பார்க்கவில்லை" என்றாள் சந்திரமதி.

ஷுலமித் அவளை ஏறிட்டுப் பார்த்தாள். "மாமி மறுபடி கேட்பார். அவர் விடமாட்டார்."

"கேட்கட்டும். என் மருமகள்தான்."

ஷுலமித் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சந்திரமதி தாங்கியிருக்க மாட்டாள். அன்று மாலை ஃப்ராவ் வைலரிடம் நடந்ததைச் சொல்லிவிடலாமா என்று ஒருமுறை தோன்றியது. சொன்னால் அந்தப் பிள்ளையின் கதையை இரண்டாம் தடவையும் சொன்னதாகும். வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை துஷாந்தனும் சரணியாவும் மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார்கள். இறைச்சிக் குழம்பு முடிந்து, நித்தியானந்தன் கோயில் தேர்தலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். மணி அடித்தது. கதவில் பெரிய ஃப்ராவ் பொல்லாக். கையில் ஒரு பை நிறைய ஆரஞ்சு, தோடம்பழம். அவர் இந்த வீட்டு வாசலைத் தாண்டி வந்ததே இல்லை. இன்றும் வாசலில்தான் நின்றார். ஆனால் கண் உள்ளே போய்ச் சரணியாவின் வயிற்றில் நின்றது.

"உங்கள் மாமியார் சொன்னார்" என்றார் சரணியாவைப் பார்த்து. "நல்ல வேளையில் நடக்கட்டும். களைப்பாக இருக்கிறதா? காலையில் வயிறு குமட்டுகிறதா?"

சரணியா எழுந்து நின்றாள். கையில் கரண்டி. "எனக்கா? என்ன சொன்னார்?"

ஃப்ராவ் பொல்லாக்கின் பார்வை மெல்லச் சந்திரமதியின் பக்கம் திரும்பியது. அந்தப் பார்வையில் நிலவறையும் விழுந்த விரிப்பும் இருந்தன. இன்னும் ஒரு வார்த்தை, அது பிழையாக வந்தால், நான்காம் மாடிவரை கேட்கும்.

சந்திரமதி முகத்தில் சிரிப்பு மாறாமல் தமிழில் சொன்னாள்: "பிள்ளை, ஓம் எண்டு தலையாட்டு. நன்றி சொல்லிப் பழத்தை வாங்கு. பிறகு என்னை ஏசு."

துஷாந்தன் வாய் திறந்தான். "அம்மா, உதென்ன..."

"நீ வாயைப் பொத்து."

சரணியா மாமியைப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் நோயாளியின் முகத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். பிறகு வாசலுக்கு நடந்து போய், பையை இரு கையாலும் வாங்கி, டொச்சில் "மிக்க நன்றி. ஆம், கொஞ்சம் களைப்புத்தான்" என்றாள்.

ஃப்ராவ் பொல்லாக்கின் தோள் தளர்ந்தது. "பழம் சாப்பிடுங்கள். பாரம் தூக்காதீர்கள்" என்றார். அவர் படி இறங்கும் சத்தம் இரண்டாம் மாடிக் கதவு சாத்தும்வரை கேட்டது.

"ஆர் சொன்னது நான் முழுகாமல் இருக்கிறன் எண்டு?" சரணியாவின் குரல் உயரவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"நான்தான்."

"ஏன்?"

"வாய் தவறிட்டுது."

"உங்களுக்கோ?" நித்தியானந்தன் கதிரையிலிருந்து திரும்பினார். "இஞ்சேரும், எனக்கே ஒரு சொல் சொல்லாத மனிசி நீர். கீழ்வீட்டுக்காரிக்கு இல்லாத பிள்ளையைச் சொல்லியிருக்கிறீர். நாளைக்குக் கோயிலுக்கு வந்தா நான் என்ன முகத்தோடை நிக்கிறது?"

"அவ கோயிலுக்கு வரமாட்டா."

"பகிடி விடாதையும்!"

"கோயிலிலை அத்தினை பெண்டுகள் கேக்கேக்கை நீங்கள் மட்டும் கேக்கேல்லை" என்றாள் சரணியா. "நான் என்ர அம்மாட்டைச் சொல்லுவன், மாமி வேற மாதிரி எண்டு. உங்களுக்கும் உள்ளுக்குள்ளை அந்த ஆசைதான், என்ன? ஊர் முழுக்கச் சொல்லிப்போட்டா நான் பெறுவன் எண்டு நினைச்சீங்களோ?"

சந்திரமதிக்கு நாக்கு நுனிவரை வந்தது. இல்லைப் பிள்ளை, உனக்கில்லை, மேலே ஒருத்திக்காக. ஐந்து சொல். ஐந்தும் இந்த வீட்டுக்குள்தான் இருக்கும், துஷாந்தன் சொல்ல மாட்டான், சரணியா சொல்ல மாட்டாள். நித்தியானந்தன்? சொல்ல மாட்டார்தான். ஆனால் படிக்கட்டில் ஷுலமித்தைக் கண்டால் அவர் முகம் சொல்லிவிடும். ஒரு வாய்க்குள் இருக்க வேண்டியது நாலு வாய்க்குள் போனால் பிறகு அதற்கு வீடு இல்லை.

"நான் செய்தது பிழை" என்றாள். "வேற சொல்ல என்னட்டை ஒண்டும் இல்லை."

தட்டுகளை அடுக்கிக் குசினிக்குக் கொண்டு போனாள். தண்ணீரைத் திறந்து விட்டுக் கழுவத் தொடங்கினாள். பின்னால் நித்தியானந்தன், "வயசு போகப் போகத் தலை கழண்டுபோச்சு" என்று மகனுக்குச் சொல்வது கேட்டது. முப்பது வருடம் பிடித்து வைத்த பெயர். அதை அவர் ஒரு வசனத்தில் எடுத்துக்கொண்டார். அவள் ஒரு தட்டை இரண்டு தடவை கழுவினாள்.

அவர்கள் வழக்கத்தைவிடக் கெதியாக வெளிக்கிட்டார்கள். காரில் படிந்த பனியைச் சுரண்டவென்று துஷாந்தன் முதலே இறங்கிப் போனான். சரணியா வாசலில் குந்தியிருந்து சப்பாத்துப் போட்டாள். சந்திரமதி துவாயில் கை துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"மாமி" என்றாள் சரணியா நிமிராமல். "எத்தினை மாதம் எண்டு சொன்னனீங்கள்?"

"ஒண்டும் சொல்லேல்லை."

"படியிலை கண்டாக் கேப்பா. நான் தாதி, எனக்குத் தெரியாதெண்டு சொல்ல ஏலாது." ஒரு சப்பாத்தை இழுத்துப் போட்டாள். "பிறகு வயிறு வராட்டி? கலைஞ்சிட்டுது எண்டு சொல்லவோ?"

"உந்தக் கதை கதையாதை!" சந்திரமதியின் குரல் கீறியது. "பொய்யுக்கும் உப்பிடிச் சொல்லக் கூடாது."

"அப்ப என்ன சொல்லுறது?"

அதை அவள் யோசித்து வைத்திருக்கவில்லை. இப்போது நின்ற நிலையில்தான் யோசித்தாள். "நான் போய்ச் சொல்லுறன். என்ர மருமகள் முழுகாமல் இருக்கவேணும், அதுக்கு நேத்திக்கடன் வைச்சிருக்கிறன் எண்டு சொல்ல வெளிக்கிட்டனான், டொச் பிழைச்சு இருக்கிறா எண்டு சொல்லிப்போட்டன் எண்டு. நீ என்ர முகத்துக்காக ஓம் எண்டனீ எண்டும் சொல்லுறன். கிழவியின்ர ஆசை எண்டு நினைச்சுப்போட்டு விடுவா."

"உங்களுக்கு டொச் பிழைக்கும் எண்டு ஆர் மாமி நம்புறது?"

"நம்புவினம். எங்கட ஆக்களுக்கு டொச் தெரியாதெண்டா உடனை நம்புவினம்."

சரணியா முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். எதற்காக, யாருக்காக என்று கேட்பாள் என்று சந்திரமதி காத்திருந்தாள். அவள் கேட்கவில்லை. நாளெல்லாம் மற்றவர்களின் இரகசியத்தைப் போர்வையால் மூடி மூடிப் பழகியவள் அவள்.

"எப்ப போய்ச் சொல்லுவீங்கள்?"

"இந்தப் பனி போகட்டும்."

"அதுவரைக்கும் நான் முழுகாமல் இருக்கவேணுமோ?"

"ஓம் பிள்ளை."

சரணியா நாடாவை இறுக்கிக் கட்டி, சுவரைப் பிடித்து எழுந்தாள். கைப்பையைத் தோளில் மாட்டினாள். உள்ளே மேசையைக் காட்டினாள்.

"அப்ப அந்தத் தோடம்பழத்தைத் தாங்கோ. எனக்கெண்டுதானே கொண்டந்தவ."